பம்ப் ஒழுகுகிறது, குளம் குறைகிறது: இரண்டும் ஒன்றா?

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் பக்கம் 56 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள், கணக்கு தெரியும் என்று சொல்லி இந்த வருடம் சங்கப் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக நீச்சல் குளத்துப் பம்ப் பிரச்சினை. குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி நாலடி ஆழம். பம்ப் ஒன்றரை ஹெச்.பி., கட்டடம் கட்டியபோது போட்டது, ஏழு வருடம் ஆகிறது. ஒரு மாதமாக அடியில் ஒழுகுகிறது. காலையில் வைக்கிற பக்கெட் சாயங்காலத்துக்குள் பாதி நிறைந்துவிடுகிறது. குளத்திலும் தினம் ஓர் அங்குலம் தண்ணீர் இறங்குகிறது, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். பம்ப் போடும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. போன மாத மழையில் இரண்டு தடவை ட்ரிப் ஆனது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர், “பம்ப் போயிடுச்சு மேடம், புதுசு போட்டாதான் தண்ணி நிக்கும்” என்று 48,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். பக்கத்து மோட்டார் கடைக்காரரோ, “சீல் மாத்தினா போதும், 3,500” என்கிறார். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எதைச் செய்ய?

பதில்: மழையில் இரண்டு தடவை ட்ரிப் ஆனதைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. பம்ப் பழசா புதுசா என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்துகொள்ளலாம். இதை இன்றைக்கே பாருங்கள்.

போர்டில் தானாக விழுந்த ஸ்விட்ச் எது என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எம்சிபி விழுந்திருந்தால் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட். ஆர்சிசிபி (நம் ஊரில் இன்னும் இஎல்சிபி என்றுதான் சொல்கிறோம்) விழுந்திருந்தால் மின்சாரம் எங்கோ தரைக்குக் கசிகிறது. அந்தக் கசிவு பம்பின் டெர்மினல் பெட்டியில் இருக்கலாம், குளத்துக்குள் இருக்கும் விளக்கின் வயரில் இருக்கலாம், மோட்டார் வைண்டிங்கில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) இருக்கலாம். எதுவாக இருந்தாலும், கண்டுபிடிக்கும்வரை குளத்தைப் பூட்டி வையுங்கள். குழந்தைகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பம்புக்கென்று தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். “அடிக்கடி விழுது மேடம், அதான் பைபாஸ் பண்ணி விட்டுட்டேன்” என்று யாராவது சொன்னால், அவரைப் பம்ப் ரூம் பக்கமே விடாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டு வர வேண்டும். மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு, வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையில் 500 வோல்ட்டில் சோதிக்க வேண்டும். நல்ல மோட்டார் பத்து, நூறு மெகா ஓம் என்று காட்டும். ஒன்றுக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது. உடனே மோட்டார் செத்தது என்று அர்த்தமில்லை, ஈரம் ஏறியிருக்கலாம். கழற்றி ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு மறுபடி மெக்கர் போட்டால் சில நேரம் எண் மேலே வந்துவிடும். வராவிட்டால்தான் கவலை. மழைக்கு மட்டும் ட்ரிப் ஆகிறது என்பதால், டெர்மினல் பெட்டிக்குள் வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் இல்லாமல் போயிருக்கும் என்பது என் ஊகம். இந்த ரூட்டில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பாதிக்கு அந்த ரப்பர் இருந்ததில்லை. ஒன்றிரண்டில் பல்லி குடியிருந்தது.

சரி, இப்போது கணக்கு. குளத்தின் பரப்பு 50 சதுர மீட்டர். ஓர் அங்குலம் என்றால் 25 மில்லிமீட்டர். ஆக தினம் போவது சுமார் 1,250 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று பத்து நாளில் காலி. உங்கள் பக்கெட் 20 லிட்டர் பிடிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், பாதி என்றால் 10 லிட்டர். அந்தப் பத்து லிட்டரால் குளத்தின் மட்டம் கால் மில்லிமீட்டர்கூட இறங்காது.

பம்ப் ஒழுகுவது ஒரு பிரச்சினை, குளம் இறங்குவது வேறொரு பிரச்சினை. இரண்டும் ஒரே மாதத்தில் கண்ணில் பட்டதால் ஒன்றுபோலத் தெரிகிறது. 48,000 கொடுத்துப் புதுப் பம்ப் போட்டாலும் மறுநாள் காலையில் அதே அங்குலம் குறைந்திருக்கும். அப்போது கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளரைத்தான் கேட்பார்கள். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பம்ப் ரூம் தரை ஈரமாக இருக்கிறது, குளமும் குறைகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். கால்குலேட்டரை எடுக்காத யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த 1,250 லிட்டர் எங்கே போகிறது? கொஞ்சம் வெயில் குடிக்கும். சித்திரை வைகாசியில் ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர் ஆவியாகும், அது முந்நூறு, முந்நூற்றைம்பது லிட்டர். பிள்ளைகள் குதித்துச் சிதறடிப்பது கொஞ்சம். மீதிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பேக்வாஷ், அதாவது ஃபில்டருக்குள் இருக்கும் மணலைக் கழுவத் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி வெளியே விடுவது. உங்கள் குளத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பியிடம் வாரத்துக்கு எத்தனை தடவை பேக்வாஷ் அடிக்கிறான் என்று சாதாரணமாகக் கேளுங்கள், அதட்டிக் கேட்டால் உண்மை வராது. உங்கள் அளவு பம்ப் பேக்வாஷில் நிமிடத்துக்குச் சுமார் 250 லிட்டரை வெளியே தள்ளும். தினம் காலையில் ஐந்து நிமிடம் அடித்தால் 1,250 லிட்டர். உங்கள் ஓர் அங்குலம் அப்படியே அங்கே நிற்கிறது! தினம் பேக்வாஷ் அடிக்கத் தேவையே இல்லை. மணலைச் சுத்தம் செய்த அன்று ஃபில்டர் மேலிருக்கும் பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறதோ அதை ஒரு மார்க்கரால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதைவிட எட்டு முதல் பத்து பிஎஸ்ஐ ஏறினால்தான் பேக்வாஷ். கேஜ் உடைந்து கிடக்கிறது என்பான். சின்னச் சாமான்தான், முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.

பேக்வாஷ் குறைவாகத்தான் அடிக்கிறான் என்றால் அடுத்தது மல்டிபோர்ட் வால்வு. ஃபில்டர் தலையில் கைப்பிடியோடு இருக்குமே, தண்ணீரை ஃபில்டருக்கா, பேக்வாஷுக்கா என்று திருப்பி விடுவது, அது. அதற்குள் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி ஆரம் ஆரமாக ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். பம்ப் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் அது பிதுங்கிக் கிழியும். கிழிந்துவிட்டால் கைப்பிடி ஃபில்டரில் நின்றாலும் தண்ணீர் திருட்டுத்தனமாக வேஸ்ட் பைப் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெளியில் ஒரு சொட்டு ஈரம் தெரியாது. வேஸ்ட் பைப் முடிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, பம்ப் ஓடும்போது அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இனிமேல் பம்பை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்று வால்வு மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டிலும் பிடிபடாவிட்டால் பக்கெட் சோதனை. ஒரு பக்கெட்டைக் குளத்துப் படியில் வைத்து, மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்து மட்டம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. பம்பை நிறுத்திவிட்டு ஒரு நாள், ஓட்டிக்கொண்டு ஒரு நாள் பாருங்கள். அந்த இரண்டு நாளும் யாரும் குளிக்கக் கூடாது, பேக்வாஷும் கூடாது. பக்கெட்டிலும் குளத்திலும் ஒரே அளவு குறைந்தால் அது வெயில். நிறுத்தியபோதும் குளம் அதிகம் இறங்கினால் தொட்டியிலோ பைப்பிலோ கசிவு. ஓடும்போது மட்டும் இறங்கினால் குளத்துக்குத் திரும்பும் பைப் அல்லது அந்த வேஸ்ட் பைப். கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்க எப்படியும் குளம் இரண்டு நாள் பூட்டியிருக்கும், அப்போதே இதையும் முடித்துவிடலாம். ஓட்டிப் பார்க்கிற நாளை மட்டும் மெக்கர் தேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பம்புக்கு வரலாம். அடியில் சொட்டுகிறது என்பது நோயின் பெயர் ஆகாது. எங்கிருந்து கிளம்பி அடிக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். பம்பை நிறுத்தி, மெயின் ஐசொலேட்டரையும் இறக்கி, மேலும் கீழும் பழந்துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். உலர்ந்த பிறகு அடியில் தரையிலும் பம்பின் கால்களைச் சுற்றியும் கொஞ்சம் கோலமாவைத் தூவுங்கள். மெக்கர் தேறியிருந்தால் ஓட விட்டு, எதையும் தொடாமல் பத்து நிமிடம் டார்ச் அடித்துக்கொண்டு உட்காருங்கள். முதல் துளி விழுந்த இடத்தில் மாவு நனைந்து குழியும். அதற்கு நேர் மேலே பாருங்கள்.

கண்ணாடி மூடி போட்ட முன் பகுதியில் கூடை இருக்கும். அது உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் போயிருந்தால் பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மூடி வழியே பார்த்தால் குமிழ் குமிழாகத் தெரியும். நிறுத்தியதும் ஒழுகும், அதுவும் பம்ப் ரூம் குளத்து மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால்தான். அப்படியானால் ஓ-ரிங் என்கிற அந்த ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். வடிகால் திருகு, யூனியன் (பைப்பைக் கழற்றி மாட்டும் இணைப்பு) இவற்றில் ஒழுகினாலும் அவ்வளவுதான் வைத்தியம். மேலே தண்ணீரைத் தள்ளும் பைப் மரையில் ஒழுகினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு தடவை ஓடி, சூட்டில் பிவிசி மரை சுருங்கிப் போயிருக்கலாம். டெஃப்ளான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் நிற்காது, வெட்டிப் புதுத் துண்டு ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் உடம்பிலேயே மயிரிழைக் கீறல் தெரிந்தால் எம்-சீல் பூசி ஒரு மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

உங்கள் கீச்சுச் சத்தத்தை வைத்துப் பார்த்தால் துளி விழுவது இவை எதிலும் இருக்காது. பம்பும் மோட்டாரும் சேரும் இடத்தில், நடுவில், அடிப்பக்கமாக இருக்கும். அப்படியானால் மெக்கானிக்கல் சீல்தான். சுழலும் தண்டு தண்ணீருக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் காப்பது அது. இரண்டு வளையங்கள். ஒன்று வெள்ளைப் பீங்கான், ரப்பர் குப்பிக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று கறுப்புக் கார்பன், ஸ்பிரிங் தள்ள, தண்டோடு சுற்றும். இரண்டும் முகத்தோடு முகம் உரசும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம்தான் எண்ணெய். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்று. நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். ஏழு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அதைத் திட்ட எனக்கு மனம் வராது. டயர் தேய்ந்ததற்குக் காரை விற்கிறவர் யார்?

ஆனால் மோட்டார் கடைக்காரர் சொல்கிற 3,500-ம் முழுக் கதையில்லை. சீலிலிருந்து ஒரு மாதம் ஒழுகிய தண்ணீர் எங்கே போகும்? பாதி கீழே சொட்டும், மீதி தண்டு வழியே மோட்டாரின் முன் பேரிங்குக்குள் போகும். குளோரின் கலந்த தண்ணீர் வேறு. பேரிங்கின் கிரீஸ் கரைந்து, குண்டுகள் துரு ஏறி, கீச்சென்று கத்தும். உங்கள் பம்ப் கத்துவது அதுதான். (ஓட ஆரம்பிக்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகினால் கெப்பாசிட்டர். அது வேறு, மலிவு.) சீலை மட்டும் மாற்றிவிட்டுக் கத்துகிற பேரிங்கை விட்டுவைத்தால், ஆட்டம் கண்ட தண்டு புதுச் சீலையும் கோணலாக உரசி மூன்று மாதத்தில் தின்றுவிடும். அப்புறம், “அன்றைக்கே புதுசு வாங்கியிருக்கலாம்” என்று கமிட்டியில் ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும்.

பேரிங்கைச் சோதிக்க ஆள் வேண்டாம். மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு, மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றி, விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணலை அரைக்கிற மாதிரி விரலில் நரநரவென்று உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அசைவே இருக்கக் கூடாது. முன்னால், பின்னால் இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும், பாரிமுனைப் பக்கம் கேட்டால் கிடைக்காத எண் இல்லை. கூலியோடு சேர்த்து 3,500 என்பது ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு ஆகலாம். அந்தக் காசுக்கு அழ வேண்டாம்.

அப்படியானால் பழுது பார்ப்பதா, புதுசா? மெக்கர் தேறினால், பழுது பாருங்கள். சீல், உடம்பு ஓ-ரிங், இரண்டு பேரிங். அவ்வளவுதான்.

மெக்கர் தேறவில்லை, வைண்டிங் போய்விட்டது என்றால் என் பதில் மாறும். ரீவைண்டிங், பேரிங், சீல் மூன்றும் சேர்ந்தால் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகப் போய்விடும். ஏழு வருடம் வெயில் குடித்த பிளாஸ்டிக் உடம்புக்கு அவ்வளவு செலவழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. மூன்று வருடப் பம்பாக இருந்தால் பாதி விலைவரைகூடப் போகலாம் என்பேன். கழற்றிய பிறகு, சீல் உட்காரும் இடத்தில் தண்டு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தாலோ, சீல் பிளேட் சூட்டில் வளைந்திருந்தாலோ அதுவும் புதுசுக்குத்தான் இழுக்கும். ஆகவே மெக்கானிக்கிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை: “முதலில் திறந்து காட்டுங்கள். நான் பார்த்த பிறகு சாமான் வாங்கினால் போதும்.” திறந்து பார்க்க ஐந்நூறு ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

திறக்கும்போது பக்கத்தில் நிற்பீர்கள் அல்லவா, சிலவற்றைக் கவனியுங்கள். இரண்டு பக்க வால்வையும் மூடியாயிற்றா? சீலின் இரண்டு பாதியையும் மாற்றுகிறாரா, கார்பனை மட்டும் மாற்றிவிட்டுப் பீங்கானை விட்டுவிடுகிறாரா? பழசோடு புதுசைச் சேர்த்தால் முகம் பொருந்தாது. முக்கியமாக, உரசுகிற அந்த முகங்களை விரலால் தொடக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஈசிஆர் பக்கம் ஒரு வீட்டில் கிரீஸ் கையோடு புதுச் சீலை அமுக்கி மாட்டிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நான் ஊர் போய்ச் சேருவதற்குள் அங்கே மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. மறுநாள் என் செலவில் இன்னொரு சீல். அன்றிலிருந்து, கையைக் கழுவி, சுத்தமான துணியால் பிடித்துத்தான் மாட்டுவேன். ரப்பர் வழுக்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ். வாசலினும் வண்டி கிரீஸும் சில ரப்பரை ஊதிப் போகவைத்துவிடும். உங்கள் குளத்தில் உப்பு போட்டுக் குளோரின் எடுக்கிற இயந்திரம் இருந்தால் கடையில் அதைச் சொல்லி வாங்க வேண்டும், உப்புத் தண்ணீருக்கென்று வேறு சீல் உண்டு. மாட்டி முடித்ததும், கூடையில் தண்ணீர் நிரப்பாமல் “சும்மா ஒரு செகண்ட் போட்டுப் பாக்குறேன்” என்பார்கள். விடாதீர்கள். அந்த ஒரு செகண்டில் புதுச் சீலின் ஆயுசில் பாதி போய்விடும்.

சீல் ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஈசிஆரில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் நாலு வருடத்தில் மூன்று பம்ப் மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூன்றும் நல்ல பம்ப்தான். போய்ப் பார்த்தால், அங்கே வேலை செய்கிற பெரியவர் குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் (குளத்துச் சுவரில் மேல் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும் வாய்) கூடைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார். டிசிசிஏ என்கிற அந்தக் குளோரின் மாத்திரை கரைந்த தண்ணீர் நல்ல புளிப்பு, அடர்த்தியாக இருந்தால் பிஹெச் 3 பக்கம் போகும். பம்ப் நின்றிருக்கிற இரவு முழுக்க அந்த அமிலம் பைப்பிலும் பம்பிலும் தேங்கி ரப்பரையும் ஸ்பிரிங்கையும் தின்றுகொண்டிருந்தது. மிதக்கும் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. உங்கள் ஸ்கிம்மரையும் திறந்து பாருங்கள். (பிளீச்சிங் பவுடரையும் இந்த மாத்திரையையும் ஒரே டப்பாவிலோ ஒரே கரண்டியிலோ கலக்க விடாதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும்.) தண்ணீரின் பிஹெச் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்கட்டும். உங்கள் குளத்துக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. தினம் ஓர் அங்குலம் இறங்குகிற குளத்தில் லாரி வர ஒரு நாள் தாமதமானால் மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போய், பம்ப் காற்றை உறிஞ்சி வெறுமனே ஓடியிருக்கும். அப்படி நடந்திருந்தால், பம்ப் ஒழுகிக் குளம் குறையவில்லை, குளம் குறைந்து பம்ப் ஒழுகுகிறது.

ஒருவேளை புதுசுதான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், தயவுசெய்து அதே ஒன்றரை ஹெச்.பி.யை வாங்காதீர்கள். உங்கள் குளத்தில் இருப்பது சுமார் 60,000 லிட்டர். ஆறு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரு தடவை ஃபில்டர் வழியாக வர, மணிக்கு 10,000 லிட்டர் போதும். ஃபில்டர் தொட்டியின் குறுக்களவை அளந்து பாருங்கள். இந்த அளவு குளத்துக்குப் பெரும்பாலும் 600 மில்லிமீட்டர் போடுவார்கள். அது தாங்குவது மணிக்கு 14,000 லிட்டர்வரைதான். ஒன்றரை ஹெச்.பி. அதற்கு மேலும் தள்ளப் பார்க்கும். மணலை வேகமாகத் தாண்டுகிற தண்ணீர் சரியாக வடிகட்டப்படாது. ‘பெருசா இருந்தா நல்லதுதானே’ என்று கட்டியவர் போட்டிருக்கிறார். ஒரு ஹெச்.பி. தாராளம்.

கரண்டிலும் வித்தியாசம் தெரியும். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 12, மாதத்துக்கு 360 யூனிட். ஒரு ஹெச்.பி. என்றால் 240 பக்கம். மிச்சமாகும் 120 யூனிட்டை உங்கள் பொது இணைப்பு ரேட்டால் பெருக்கிப் பாருங்கள். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் மாதம் ஆயிரத்துக்குப் பக்கம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்ப்களும் வந்துவிட்டன. வேகம் பாதியானால் தண்ணீர் பாதியாகும், இழுக்கும் கரண்டோ கணக்குப்படி எட்டில் ஒன்றாகும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் லாபம்தான். ஆனால் விலை கூட, எலக்ட்ரானிக் போர்டு வேறு. ஈரம் ஊறும் பம்ப் ரூமைச் சரி செய்யாமல் அதை வாங்கி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

48,000 எஸ்டிமேட்டையும் மறுபடி படியுங்கள். ஜிஎஸ்டி அதில் சேர்ந்ததா? புதுப் பம்பின் வாய் உயரம் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் பைப்பை வெட்டி ஒட்ட வேண்டும், அந்தக் கூலி யாருடையது? வாரண்டியில் சீல் வருமா? பெரும்பாலும் வராது. தேய்மானச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள், வெறுமனே ஓடியதாகத் தெரிந்தால் மோட்டாருக்கும் கைவிரித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய சீலைக் குப்பையில் போட விடாதீர்கள். ஒரு காகிதத்தில் பொதிந்து கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள், அந்தத் தம்பியையும் கூப்பிடுங்கள். கார்பன் முகம் சீராக, பளபளவென்று தேய்ந்திருந்தால் வயதாகிப் போனது, யார் மேலும் தப்பில்லை. பீங்கானில் நடுவே வெடிப்பு ஓடினால் வெறுமனே ஓடியது. முகத்தில் வெள்ளைவெள்ளையாகக் காறை பிடித்திருந்தால் லாரித் தண்ணீரின் உப்பு. ரப்பர் ஊதி, ஸ்பிரிங் அரித்திருந்தால் ஸ்கிம்மருக்குள் மாத்திரை. நாலில் எது என்று ஒரு வரி எழுதுங்கள்.